எந்த நம்பர் கடைக்கு

புருஷன் தனுஷ்கோடி வைத்துவிட்டுப் போன சிம் கார்டு தையல் மெஷின் மேல் கிடந்தது. சுண்டுவிரல் நகத்தளவுதான் இருக்கும். இத்தனூண்டுக்கா இத்தனை பஞ்சாயத்து என்று சுகந்திக்குச் சிரிப்பு வந்தது, வந்த சிரிப்பு பாதியிலேயே எரிச்சலாக மாறிவிட்டது. சாப்பிட்டுக் கை கழுவிய ஈரத்தோடு நின்றுகொண்டு அவர் சொன்னது இன்னும் கூடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. "சாயங்காலம் அக்கா வருது. அதுக்குள்ள உன் நைட்டி யாவாரத்தப் பூராம் இந்தப் புது நம்பருக்கு மாத்திரு. பழசு குடும்பத்துக்கு மட்டும். இதுல யோசிக்க என்ன இருக்கு?" சொன்ன கையோடு டயர் கடைக்குக் கிளம்பிவிட்டார். யோசிக்க என்ன இருக்கு என்று கேட்கிறவர்கள் யாரும் உட்கார்ந்து யோசித்ததில்லை, அந்த வேலையை அடுத்தவர் தலையில் கட்டிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொள்கிறார்கள். காலையில் தளவாய்புரத்திலிருந்து வந்த நைட்டி மூட்டையை அவள் பிரித்தாள். புதுத் துணியின் கஞ்சி வாசம் மூக்கில் ஏறியது. அது அவளுக்குப் பிடித்த வாசம், யாரிடமும் சொன்னதில்லை. வெயில் ஜன்னலை விட்டு இறங்குவதற்குள் படம் எடுத்தாக வேண்டும். இறங்கிவிட்டால் மெரூன் கறுப்பாகத் தெரியும், பச்சை சாம்பலாகும், அப்புறம் படத்துல ஒண்ணு கையில ஒண்ணு என்று வாங்கினவள் வாயில் விழ வேண்டும். ஜன்னல் கம்பியில் கொக்கியைப் போட்டு முதல் நைட்டியைத் தொங்கவிட்டாள். தொங்கவிட்டது என்றதும் கை நின்றது. அந்த வார்த்தையைத்தான் தனுஷ்கோடியின் அக்கா இந்திராணி மதினி, மாமாவின் பதினாறாம் நாள் காரியத்தன்று, பந்தி முடிந்து சொந்தமெல்லாம் வெற்றிலை மென்றுகொண்டிருக்கும்போது சொன்னாள். "எங்கப்பாவ நைட்டிக்கு நடுவுல தொங்க விட்டுட்டாளே இவ." அப்போது சுகந்தி கையில் பாயச வாளி இருந்தது. வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பதில் சொல்லியிருக்கலாம். வைக்க இடம் தேடிக்கொண்டிருந்ததிலேயே நேரம் போய்விட்டது.

நடந்தது இவ்வளவுதான், ஆனால் எத்தனை தடவை நினைத்தாலும் அது இவ்வளவோடு நிற்பதில்லை. மாமனார் விடிகாலையில் போய்ச் சேர்ந்தார். பிரஸ்காரர் கண்ணீர் அஞ்சலிப் படத்தைப் போனுக்கு அனுப்பியதும், "உன் போன்லதான் ஊர்ப்பட்ட பேரு இருக்காங்க, ஸ்டேட்டஸ்ல போட்டுரு, எல்லாருக்கும் தெரிஞ்சிரும்" என்று சொன்னது சாட்சாத் தனுஷ்கோடிதான். அதை அவர் இப்போது மனதிலிருந்து கழுவித் துடைத்துவிட்டார், அப்படித் துடைப்பதற்கு ஆண்களுக்குத் தனித் துணி ஏதும் கொடுத்திருப்பார்கள் போல. போட்டாள். அழுதுகொண்டேதான் போட்டாள், கண்ணைத் துடைத்துத் துடைத்துத்தான் எழுத்தைப் பார்த்தாள், அதை யாரும் பார்க்கவில்லை. முந்தின நாள் ஏற்றிய புதுச் சரக்கு அதே ஸ்டேட்டஸில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் முழுக்க நிற்கிற படம், வீட்டில் சாவு விழுந்துவிட்டது என்று தானாக ஒதுங்கி வழிவிடாது. ஆக, ஊதாப் பூப்போட்ட காட்டன், கிளிப்பச்சையில் கட்டம் போட்டது, மாம்பழ மஞ்சள், அதற்கடுத்து மாமா. கறுப்பு வெள்ளையில், திருநீறும் மீசையுமாக, தோற்றம் மறைவு எல்லாம் போட்டு. அவளிடம் வாங்குகிறவர்களுக்கு அவளே பழக்கிவிட்ட ஒரு வழக்கம் இருந்தது. எந்த நைட்டி வேணுமோ அந்தப் படத்து மேலேயே பதில் போடுங்க, அப்பத்தான் எனக்குக் குழம்பாது என்று ஒவ்வொருத்தியிடமும் மூச்சு வாங்கச் சொல்லியிருக்கிறாள். போட்டார்கள். மாமாவின் மேலேயே போட்டார்கள். இது இருக்கா. ரேட் என்ன. எக்ஸெல் எடுத்து வைங்கக்கா. ஒருத்தி, வேற கலர் இருக்கா என்று கேட்டிருந்தாள். இன்னொருத்தி, சாயம் போகுமா என்று. இடுப்பில் பிள்ளை, அடுப்பில் பால், கட்டைவிரல் பாட்டுக்குத் தள்ளிக்கொண்டே போகும், கண் பின்னால் வரும், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருத்தியாகப் பதறி அழித்தார்கள், ஐயோ சாரிக்கா, கவனிக்கலக்கா என்று அழுத முகம் அனுப்பினார்கள். ஆனால் அதற்குள் இந்திராணி மதினி, தன் போனில் சார்ஜ் இல்லை என்று, ஐஸ் பெட்டிக்காரனைக் கூப்பிட இவள் போனை வாங்கிவிட்டாள். ஐஸ் பெட்டிக்காரனைக் கூப்பிட்டாள். அப்புறம் போனைத் திருப்பிக் கொடுக்காமல் கீழே தள்ளிக்கொண்டே போனாள். பெற்ற அப்பா முகத்துக்குக் கீழே எக்ஸெல் எடுத்து வைங்க என்று வாசித்தால் யாருக்குத்தான் பொறுக்கும். பொறுக்காதுதான். அந்த இடத்தில் சுகந்திக்கு மதினி மேல் பரிதாபம் உண்டு, இப்போதும் உண்டு. ஆனால் பரிதாபத்தை வைத்துக்கொண்டு ஒரு மனுஷி எவ்வளவு தூரம்தான் குனிவது என்று கேட்டுக்கொண்டே அடுத்த நைட்டியை எடுத்துச் சுருக்கம் நீவினாள்.

மாமாவுக்கே இந்த வியாபாரம் பிடித்ததில்லை என்று காரியத்தன்று மதினி ஒரு வரி சேர்த்துக்கொண்டாள். அது பொய் இல்லை. ஜன்னலில் நைட்டி ஏறினால் அவர் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு பேப்பர் படிப்பார். அந்தச் சுவரில் என்ன இருக்கிறது, ஒரு காலண்டர்கூட இல்லை. கொரியர்காரர் வாசலில் மணி அடித்தால் மட்டும், "ஏத்தா, ஆளு நிக்குது" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் நல்லதாகவும் கிடையாது கெட்டதாகவும் கிடையாது. அவரை அவளுக்குப் பிடிக்குமா என்றால், பிடிக்கும் என்று சட்டென்று வாயில் வராது. ஆனால் அவர் இல்லாத நாற்காலியை இன்னும் சுவர்ப்பக்கமே வைத்திருக்கிறாள், திருப்பக் கை வரவில்லை. இதை எந்த ஸ்டேட்டஸில் போடுவது. இது குடும்பமா, யாவாரமா, எந்த நம்பரில் சேர்த்தி? போதும், மாமாவை விடு மனசே, வெயில் போகுது, படத்தை எடு. எடுத்தாள். கை ஆடிவிட்டது, கழுத்துப் பூவேலை கலங்கித் தெரிந்தது, அழித்துவிட்டு மறுபடி எடுத்தாள். கடை என்றால் மற்றவர்களுக்கு ஷட்டர் இருக்கிறது, போர்டு இருக்கிறது, முனியாண்டி கோயிலுக்கு எதிரே என்று கையைக் காட்டலாம். விளாங்குடியில் மாடி வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிற அவளுக்குக் கடை என்பது அந்த நம்பர் மட்டும்தான். அதுதான் வாசல், அதுதான் போர்டு. அதை மாற்று என்பது, நடுராத்திரியில் கடையைப் பெயர்த்துப் பைபாஸுக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டு, வர்றவங்க வரட்டும் என்று சொல்வது. வரமாட்டார்கள். நம்பர் மாறிவிட்டது என்று எத்தனை பேருக்குச் செய்தி அனுப்பினாலும் பாதிப் பேர் அதைச் சேமிக்கப் போவதில்லை. ஒருதரம் போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து ரிப்பேருக்குப் போனபோதே எத்தனையோ பேர் வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார்கள், அவர்களில் சிலரை இன்றுவரை திரும்ப இழுக்க முடியவில்லை. தவிர, இந்த வீடு மாமா பேரில் இருந்தது. கேஸ் கனெக்‌ஷன் தனுஷ்கோடி பேரில், வண்டி அவர் பேரில், கரண்டு பில் இன்னும் மாமாவுக்கும் முந்தின யார் பேரிலோ வருகிறது. ரேஷன் கார்டில் மட்டும் அவள் குடும்பத் தலைவி, அந்தத் தலைவியை நம்பி அரிசியும் சீனியும்தான் கொடுப்பார்கள். கல்யாணத்துக்கு முன்னால் ஸ்கேன் சென்டரில் டோக்கன் கொடுக்கிற வேலையில் இருந்தபோது அவள் தன் அடையாள அட்டையைக் காட்டி, தன் கையெழுத்தைப் போட்டு வாங்கியது அந்த நம்பர். புருஷன் வீட்டுக்கு வரும்போது கொண்டுவந்த பாத்திரங்களில்கூட அப்பா பேர்தான் வெட்டியிருந்தது.

சரி, பிரிப்பதற்கு என்ன, பிரித்துத்தான் பார்ப்போமே என்று தரையில் உட்கார்ந்து போனில் பேர்களைத் தள்ளினாள். இது குடும்பம், இது கடை. அழகர் நகர் டபுள் எக்ஸெல், கடை. ஊமச்சிகுளம் ஃபீடிங் நைட்டி, கடை. காட்டன் மட்டும் மல்லிகாக்கா, கடை. சின்ன மாமனார் கோவில்பட்டி, குடும்பம். மதினியின் சம்பந்தியம்மா, குடும்பம்தான், ஆனால் மகளுக்கும் மருமகளுக்கும் சேர்த்து இவளிடம்தான் வாங்குகிறாள், மதினிக்குத் தெரியக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு. அவளை எதில் போட? ஜெசிந்தா டீச்சர் என்ற பேரில் விரல் நின்றது. மார்பில் ஆபரேஷன் ஆகி வீட்டுக்கு வந்த அந்த டீச்சருக்குக் கையைத் தூக்கித் தலைவழியாக எதையும் போட முடியவில்லை. முன்பக்கம் முழுசாத் திறக்கிற மாதிரி கிடைக்குமா சுகந்தி என்று கேட்டபோது அவள் குரல் யாரோ அடித்துப் போட்ட மாதிரி இருந்தது. எங்கும் கிடைக்கவில்லை. சுகந்தியே நல்ல மெல்லிய காட்டனாக எடுத்து, நடுவில் வெட்டி, ஓரம் அடித்து, வரிசையாகப் பிரஸ் பட்டன் வைத்து அனுப்பினாள். போட்டுக்கொண்டு படம்கூட அனுப்பவில்லை, ராத்திரி நல்லாத் தூங்குனேன் என்று ஒரே வரி அனுப்பினாள் டீச்சர். மாமா செத்த அன்று, இது இருக்கா ரேட் என்ன என்று வந்ததற்கெல்லாம் நடுவில், டீச்சரின் குரல் பதிவுதான் வந்தது, "ஏதாச்சும் சாப்பிட்டியாம்மா?" என்று. கூடத்தில் கூடியிருந்த அத்தனை சொந்தத்தில் ஒருத்தர்கூட அவளிடம் அதைக் கேட்கவில்லை, எல்லோரும் காபி எங்கே என்றுதான் கேட்டார்கள். டீச்சர் குடும்பமா, கடையா? இந்தச் சொந்தபந்தத்துக்கும் அந்த ஸ்டேட்டஸ்தான் ஜன்னல். ரெண்டு நாள் பார்சல் போகாது என்று போட்டால், எங்க போறீங்க, யாரு கூட, எங்ககிட்ட சொல்லவே இல்ல என்று மதினி முதல் ஆளாகக் கேட்பாள். திருப்பரங்குன்றத்தில் நின்று எடுத்த படத்தைப் போட்டால், நீங்க கட்டியிருக்கிற சேலை இருக்கா என்று வாடிக்கைக்காரி கேட்பாள். ரெண்டு பக்கமும் கண். நடுவில் நிற்கிறவள் என்ன செய்வாள், தலையை வாரிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

பிரிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியாதா? இவர்கள் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? அதை நினைத்ததும் எழுந்து நின்றுகொண்டாள், உட்கார்ந்தபடி அந்தக் கோபத்தைத் தாங்க முடியவில்லை. போன சித்திரையில் முகம் தெரியாத ஒரு ஆள், பொண்டாட்டிக்கு நைட்டி வேணும் என்று நம்பரை வாங்கி வைத்துக்கொண்டு, அவள் குடும்பப் படங்களையெல்லாம் பார்த்துவிட்டு, மஞ்சச் சேலையில நீங்க ரொம்ப அழகு என்று எழுதினான். மறுநாள், வீடு மாடிதானே என்று எழுதினான். ஜன்னல் கம்பி படத்தில் தெரிந்திருக்கும். அன்றைக்கு ஜன்னலைச் சாத்திவிட்டு வெயில் நேரத்தை வீணாக்கிக்கொண்டு கிடந்தாள். சாயங்காலம் தனுஷ்கோடியிடம் போனைக் காட்டி, "எனக்குத் தனியா ஒரு நம்பர் வாங்கிக் குடுங்க, வீட்டுப் படமெல்லாம் கண்டவன் பாக்குறான்" என்றாள். அவர் டிவியை விட்டுக் கண்ணை எடுக்காமல், "அவனப் பிளாக் பண்ணிட்டுப் போ. இதுக்கெல்லாமா நம்பர் வாங்குவாங்க" என்றார். பிளாக் பண்ணினாள். வேறு பேரில் வந்தான், மறுபடி பிளாக் பண்ணினாள். அவள் பயந்தபோது வராத சிம் கார்டு, மதினிக்குக் கண் கலங்கியதும் மத்தியானச் சாப்பாட்டோடு வந்துவிட்டது. பிரிக்கச் சொல்வது தப்பில்லை, நூற்றுக்கு நூறு சரி. ஆனால் பிரிந்தால் யாராவது ஒருத்தர் இடம் மாற வேண்டும் இல்லையா. எப்போதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவள் அவள்தானா? அப்பா வீட்டிலிருந்து கிளம்பினாள். ஸ்கேன் சென்டர் வேலையை விட்டுக் கிளம்பினாள். மாமாவுக்கு முடியவில்லை என்றதும் நைட்டி மூட்டைகளோடு உள்ளறையிலிருந்து கூடத்துக்குக் கிளம்பினாள். இப்போது நம்பரிலிருந்தும் கிளம்பு என்கிறார்கள். நான் எதுக்குக் கிளம்பணும், வந்தவங்க கிளம்பட்டும் என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். சொன்னது காலிக் கூடத்தில் கேட்டு அவளே திடுக்கிட்டாள்.

காதுத் தோட்டின் திருகாணியால் போனின் சிம் தட்டைக் குத்தித் திறந்து, புது சிம்மைப் பழசுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒரே போனில் ரெண்டு வாட்ஸப் வைக்கலாம், ஒண்ணு வீட்டுக்கு, ஒண்ணு வியாபாரத்துக்கு என்று சிம் கடைக்காரன் சொல்லியனுப்பியதைத் தனுஷ்கோடி ஒப்பித்திருந்தார், அந்த மட்டில் அவருக்குப் புண்ணியம். வியாபாரத்துக்கான வாட்ஸப்பை இறக்கினாள். உன் நம்பர் என்ன என்று ஒரு கட்டம் வந்து நின்றது. கோடு ஒன்று மினுக்கி மினுக்கி மறைந்தது. இதில் பழைய நம்பரைப் போட்டால் கடை இங்கேயே இருக்கும், சொந்தம் புது நம்பருக்குப் போகும். போடலாமா? மதினி என்ன சொல்வாள்? அவர் பேசாமல் இருப்பார், அவர் பேசாமல் இருப்பதுதான் பயம், வாரக்கணக்கில் உப்பு போதலை என்றுகூடச் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டுப் போவார், அந்த நிசப்தத்தில் கரண்டி விழுந்தாலும் வெடி மாதிரி கேட்கும். குடும்பத்தை ஒதுக்கிட்டா என்பார்கள். மாமா செத்ததும் இவளுக்குத் துளிர் விட்டுப்போச்சு என்பார்கள். என்னதான் சொல்லமாட்டார்கள், சொல்லட்டும். ஏற்கெனவே சொன்னதைவிடப் பெரிதாக என்ன மிச்சம் இருக்கிறது. விரல் அதுபாட்டுக்குப் பழைய நம்பரைத் தட்டியது, அதைத் தட்டுவதற்கு விரலுக்குக் கண் தேவையில்லை. இந்த நம்பர் ஏற்கெனவே வேறொரு வாட்ஸப்பில் இருக்கிறது, இங்கே மாற்றிவிடவா என்று கேட்டது. இப்படி ஒரு கேள்வியை இந்த வீட்டில் யாரும் அவளிடம் மரியாதையாகக் கேட்டதில்லை. மாத்து என்றாள். கடைப் பேர் கேட்டது. சுகந்தி நைட்டீஸ் என்று போட்டாள், தன் மகளின் பேரையும் சேர்க்கலாமா என்று ஒரு நொடி தோன்றி, வேண்டாம், அவள் பேரை அவள் வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள். படம் கேட்டது. இதுவரை இருந்தது குடும்பமாக நிற்கிற படம், அதில் அவள் ஓரத்தில் பாதித் தோள் வெட்டுப்பட்டு நிற்பாள். அதை எடுத்துவிட்டு ஜன்னலில் தொங்கிய மெரூனைப் போட்டாள். தன் முகத்தைக் கண்டவனுக்குக் காட்டப்போவதில்லை, அது பயம் இல்லை, அவள் இஷ்டம். காலியான வீட்டு வாட்ஸப்பில் புது நம்பரைப் போட்டு முடித்தாள். அதற்குள் வெயில் கம்பியை விட்டுக் கீழே இறங்கிச் சுவரில் விழுந்திருந்தது.

இந்திராணி மதினி வரும்போது தனுஷ்கோடியும் கூடவே வந்தார், கடையிலிருந்து சீக்கிரம் கிளம்பியிருப்பார், சாட்சி சொல்ல. மதினி மூட்டையைச் சுற்றிக்கொண்டு வந்து நாற்காலியைத் தொட்டாள், அப்பா உட்கார்ந்த நாற்காலி, ஆனால் உட்காரவில்லை. அதைப் பார்த்ததும் சுகந்திக்கு ஒரு கணம் எல்லாம் இளகியது. பேசாமல் விட்டுவிடலாமா, இன்னொரு நாள் சொல்லிக்கொள்ளலாமா என்று மனசு நழுவியது. "மாத்திட்டியா?" என்றாள் மதினி. நழுவிய மனசு அந்தக் கேள்வியில் நிமிர்ந்துகொண்டது. "மாத்திட்டேன் மதினி. பழைய நம்பரு இனிமே கடை. சொந்தக்காரங்களுக்குப் புதுசு." தனுஷ்கோடி முந்திக்கொண்டார். "நான் சொன்னது என்ன, நீ செஞ்சிருக்கிறது என்ன?" "நீங்க பிரிக்கச் சொன்னீங்க, பிரிச்சிட்டேன். யாரு எங்க போகணும்னு நான் முடிவு பண்ணேன்." சொல்லிவிட்டதில் அவளுக்குத் திருப்திதான். மதினி தம்பியைப் பார்த்தாள், தம்பி தரையைப் பார்த்தார். "அப்ப எங்களையெல்லாம் வெளிய தள்ளிட்ட." "தள்ளல மதினி. இத்தனை நாளும் நீங்க கடைக்குள்ள நின்னுக்கிட்டு இருந்தீங்க. வீட்டுக்குள்ள வாங்கங்கிறேன். மாமா படத்து மேல அப்படி வந்தது எனக்கும் ஆறாது. இனி அது நடக்காது. அதுக்காக நான் கடையத் தூக்கிக்கிட்டு ஓட முடியாது." சொல்லிக்கொண்டே போனை எடுத்துப் பழைய நம்பரில் இருந்த குடும்ப குரூப்பைத் திறந்தாள், மதினி ஆரம்பித்த குரூப், மதினி சேர்த்தால்தான் யாரும் உள்ளே வர முடியும். வெளியேறு என்பதைத் தொட்டாள். வெளியேறிவிட்டது என்று காட்டிய திரையை மதினி பக்கம் திருப்பிப் பிடித்தாள். "நான் திரும்பச் சேக்கலைன்னா?" என்றாள் மதினி, அடிக்குரலில். அது மிரட்டல்தான், சுகந்தி இத்தனை வருஷமும் பயந்துகொண்டிருந்ததும் இப்படி ஒரு மிரட்டலுக்குத்தான், அது நேரில் வந்து நின்றபோது பார்த்தால் சாதாரணமாக இருந்தது. "சேக்கலைன்னா பரவாயில்ல மதினி. விசேஷம்னா நேர்ல வந்து வெத்தல பாக்கு வச்சுக் கூப்பிடுங்க. அதுதான முறை?" முறை என்ற சொல்லுக்கு எதிராகப் பேச மதினிக்கு வழியில்லை, இந்த வீட்டில் அந்தச் சொல்லை அதிகம் சொன்னவள் அவள்தான். தனுஷ்கோடி தொண்டையைச் செருமினார், "டீ போடு சுகந்தி" என்றார், அது யார் பக்கம் என்று அவருக்கே தெரிந்திருக்காது. மதினி நாற்காலியை இழுத்து இந்தப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள், மூக்கை உறிஞ்சினாள், பையிலிருந்து போனை எடுத்து, முகத்தைப் பார்க்காமல், "சொல்லு, அந்த நம்பர" என்றாள். சுகந்தி சொல்ல வாயெடுத்து நின்றாள். தையல் மெஷின் மேல் கிடந்த சிம் கவரை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொரு எண்ணாகப் படித்துச் சொன்னாள். அவளுக்கே அது இன்னும் மனப்பாடம் ஆகவில்லை.